குடிநோயும் குடும்பத்தார் கடமையும்

கூலி நாளன்று சங்க அலுவலகத்திற்கு வந்து, பாவைப் பற்றியோ கடன் தவணையைப் பற்றியோ பேசி முடித்த பின்னும் திரும்பிப் போகாமல் வாயிற்படியருகே தயங்கி நிற்கும் பெண்மணிகளை நிர்வாகிகள் நன்கு அறிவார்கள். மற்றவர்கள் கலைந்த பின்பு அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, அவருக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் காதில் ஏறுவதில்லை." தலைவரோ செயலாளரோ மறுநாள் அந்த அங்கத்தினரை அழைத்துக் கண்டிக்கிறார். அவரும் கண் கலங்கி, இனித் தொடுவதில்லை என்று வாக்களிக்கிறார். அது பொய் வாக்கு என்று சொல்வதற்கில்லை. அந்த நிமிஷத்தில் மனப்பூர்வமாகவே கொடுக்கிறார். ஆயினும் அடுத்த கூலி நாளில் பழைய கதையே தொடர்கிறது. தலைவருக்குச் சலிப்பு, மனைவிக்கு அவமானம், குடிப்பவருக்கோ தன் கணக்கில் மேலும் ஒரு தோல்வி.

மன்னார்குடி வட்டாரத்தில் இந்த முறையீட்டுக்குத் தொழில் வேற்றுமை கிடையாது. நெசவாளர் வீட்டில் காலையில் கை நடுங்குகிறது, நாடா ஓடுவதில்லை, தறி நின்றால் மனைவி சுற்றும் தாருக்கும் வேலை இல்லை. சாகுபடிக்காரர் வீட்டில் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் உழவுக்கும் உரத்துக்கும் போய்ச் சேருமுன்னே பாதியாகிறது. ஜாமீன் கையெழுத்திட்ட பக்கத்து வயல்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆகவே இது அவரவர் வீட்டு விவகாரம் என்று சங்கம் ஒதுங்கியிருக்க இயலாது. ஆனால் ஒதுங்காமல் இருப்பது வேறு, முறை தெரியாமல் தலையிடுவது வேறு. முறை தெரிந்தவர்களை முதலில் அணுகி, அவர்கள் துணையோடு குடும்பத்தார் பேச வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். குடிக்கிறவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆனால் விழித்தவுடன் கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது, முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதவில்லை, வேண்டாம் என்று தாமே முடிவு செய்தும் நிறுத்த முடியவில்லை என்ற நிலை வந்துவிட்டால், அது குடிநோய். 1956-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை வைத்தியத்திற்குரிய நோயாக ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவினால் தீங்குற்றோ அதற்கு அடிமைப்பட்டோ உதவி தேவைப்படும் நிலையில் உள்ளோர் 5 கோடியே 70 லட்சத்திற்கும் மேல். மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகவும், 180 பேருக்கு ஒருவரே ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றதாகவும் அதே ஆய்வு கூறுகிறது. எஞ்சியவர்களுக்குக் கிடைத்தவை புத்திமதி, வசவு, வேண்டுதல் ஆகியவையே என்று நாம் ஊகிக்கலாம்.

சிகிச்சையெல்லாம் பட்டணத்துப் பணக்காரர்களுக்கு என்று எண்ணுவோர் மஞ்சக்குடியின் வரலாற்றை அறிய வேண்டும். அது தொலைவில் இல்லை; நமக்கு வடக்கே குடவாசல் வட்டத்தில் உள்ள கிராமம்.

சென்னையில் பெயர் பெற்ற டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இளம் வயதிலேயே காலமானார். செல்வமும் செல்வாக்கும் அவரைக் காக்கவில்லை. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் துக்கத்தோடு வீட்டுக்குள் அமர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்திலுள்ள ஹேசல்டன் என்னும் நிலையத்தில் பயிற்சி பெற்று, 1980-இல் கணவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தை நிறுவினார். அதன் டி.டி.கே. ஆஸ்பத்திரி சென்னை இந்திரா நகரில் நடைபெறுகிறது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இந்த ஸ்தாபனத்தார் ஓர் உண்மையைக் கண்டனர்: குடும்பத்திற்கும் சேர்த்து வைத்தியம் செய்யாவிட்டால் நோயாளிக்குச் செய்த வைத்தியம் நிலைப்பதில்லை. வீட்டாருக்கென்றே தனியாக வகுப்பும் ஆலோசனையும் அங்கு ஏற்படுத்தப்பட்டன.

கிராமத்து ஏழை சென்னைக்குச் சென்று பல வாரம் தங்குவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடையாகத்தான் 1980-களின் இறுதியில் சிகிச்சை முகாம் மஞ்சக்குடிக்கு வந்தது. வைத்தியரும் ஆலோசகர்களும் ஊருக்கே வந்தார்கள். உள்ளூர்க் கட்டடம், உள்ளூர்ச் சமையல், உள்ளூர்ப் பெரியவர்களின் ஒத்துழைப்பு ஆகியவற்றைக் கொண்டு 15 நாட்கள் முகாம் நடந்தது. முகாமுக்கு முன்பே ஊராரிடம் நோயைப் பற்றி எடுத்துச் சொல்லப்பட்டது. முகாமில் வீட்டாருக்கும் வகுப்பு உண்டு. முடிந்த பின்பும் குழுவினர் திரும்பத் திரும்ப வந்து, வீடு திரும்பியவர்களைக் கவனித்தார்கள். இந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994-இல் 'அடிக்ஷன்' என்னும் சர்வதேச ஆய்விதழில் எழுதினார். நெல்வயல் சூழ்ந்த ஒரு சோழநாட்டுக் கிராமத்தின் பெயர் உலக வைத்தியர்கள் படிக்கும் ஏட்டில் தலைப்பாக ஏறியது நமக்குப் பெருமையே. அதைவிடப் பெரிது, பலர் ஒரே ஊரிலிருந்து ஒன்றாகச் சிகிச்சைக்கு வந்தபோது, 'அவன் வீட்டு வெட்கம்' என்பது 'ஊரில் உள்ள நோய்' என்று மாறியது.

இனி, சிகிச்சைக்கு வரவே மறுப்பவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். எல்லா வீட்டிலும் சிக்கல் இங்கேதான்.

'அடிபட்டுத் தானாகத் திருந்தட்டும்' என்பது பழைய எண்ணம். தரைதட்டும் வரை காத்திருந்தால் கப்பலே உடைந்துவிடும் என்பதை உணர்ந்தவர்களில் ஒருவர் மின்னசோட்டாவைச் சேர்ந்த பாதிரியார் வெர்னான் ஜான்சன். தாமே குடிநோயிலிருந்து மீண்டவர். 1960-களில் அவர் ஒரு முறையை வகுத்தார். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் ஒரு நிபுணரிடம் முன்கூட்டியே பயிற்சி பெறுவார்கள். குறித்த ஒரு நாளில் ஒன்றாக அமர்ந்து, அவரவர் கண்ணால் கண்ட சம்பவங்களை அன்போடு எடுத்துச் சொல்வார்கள். சிகிச்சைக்கான இடத்தை அன்றே தயாராக வைத்திருப்பார்கள். 1973-இல் வெளிவந்த அவருடைய நூல் இம்முறையைப் பரப்பியது.

ஆனால் இம்முறைக்கும் குறையுண்டு. 1999-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மில்லர், மேயர்ஸ், டோனிகன் ஆகிய மூவர், சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிநோயாளிகளின் உறவினர் 130 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவுக்கு ஜான்சன் முறை. மற்றொரு பிரிவுக்கு, நோயாளியை விட்டுவிட்டுத் தன்னைக் கவனித்துக்கொள்ளும் அல்-அனான் வழி. மூன்றாம் பிரிவுக்கு, வீட்டில் அன்றாடம் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றப் பயிற்சி: அவர் குடிக்காதிருக்கும் பொழுதை இனிமையாக்குவது, குடித்திருக்கும்போது விவாதம் செய்யாமல் விலகுவது, குடியால் வரும் கஷ்டத்தை மூடி மறைக்காதிருப்பது, நல்ல தருணம் பார்த்துச் சிகிச்சை பற்றிச் சொல்வது. இம்மூன்றாம் பிரிவில் நூற்றுக்கு 64 நோயாளிகள் சிகிச்சைக்கு வந்தனர். ஜான்சன் முறையில் 30. அல்-அனான் வழியில் 13. ஜான்சன் பிரிவில் எண்ணிக்கை குறைந்ததற்கு முக்கிய காரணம், பெரும்பாலான குடும்பத்தார் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் கட்டம் வந்ததும் பின்வாங்கியதே. அல்-அனானைக் குறை கூறியதாக இதை எடுத்துக்கொள்ளலாகாது. நோயாளியை அழைத்து வருவது அவ்வியக்கத்தின் குறிக்கோளே அன்று.

நம் ஊருக்கு இந்த முடிவு மிகவும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். பலர் கூடி ஒருவரை நடுவில் உட்கார வைத்துப் பேசினால் நம்மவர் மனத்தில் பஞ்சாயத்து நினைவுதான் வரும். கைகட்டி நிற்பதாகவே அவர் உணர்வார். மானம் போயிற்று என்று எழுந்து போனவர் எங்கே போவார், என்ன செய்வார் என்பதையும் யோசிக்க வேண்டும். வயல் வீட்டில் பூச்சிமருந்து டப்பா எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே எந்தப் பேச்சுக்கு முன்னும் அதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திப் பூட்டி வைப்பது முதல் காரியம்.

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். நாற்பது வயது நெசவாளர். மனைவி, வயதான தாயார், பள்ளியில் படிக்கும் மகள், அடுத்த தெருவில் தாய்மாமன். இவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நோயாளி வராவிட்டாலும் மனைவி முதலில் மனநல வைத்தியரையோ ஆலோசகரையோ காண வேண்டும். 'அவரே வராதபோது நான் மட்டும் போய் என்ன பிரயோஜனம்?' என்று பலர் கேட்கிறார்கள். பிரயோஜனம் உண்டு என்பதற்குத்தான் மேற்கண்ட 64 என்ற எண்ணைச் சொன்னேன். எவ்வளவு காலமாக, எவ்வளவு, எந்நேரத்தில் குடிக்கிறார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, கல்லீரல் கோளாறு உண்டா, அடிக்கிறாரா, சாகப் போவதாகச் சொன்னதுண்டா என்பவற்றை ஆலோசகர் கேட்பார். ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அடி உதை நடக்கும் வீடாயின், கூடிப் பேசும் முயற்சிக்கு முன் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு செய்தாக வேண்டும். அதற்குரிய மகளிர் உதவி எண் 181.

அடுத்து, யார் பேசுவது? இரண்டு அல்லது மூன்று பேர் போதும். அவர் மதிப்பவராகவும் அவர்மேல் உண்மையான பிரியம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் வேண்டாம். அவரோடு சேர்ந்து குடிக்கும் மைத்துனர் வேண்டவே வேண்டாம். சிறு குழந்தைகளைச் சாட்சி சொல்ல வைப்பதும் கூடாது. நம் குடும்பத்தில் தாய்மாமன் பொருத்தமானவர். ஆனால் அவர் முன்கோபி என்றால், அவரையும் ஆலோசகரிடம் ஒரு முறை அழைத்துச் சென்று, என்ன சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதை ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது பேசுவது? காலையில், போதை தெளிந்து, நடுக்கம் கடுமையாகாத நேரத்தில். கூலி நாளிலும் திருவிழா நாளிலும் ஆகாது. விவசாயிக்கு நடவு மும்முரத்தில் சொன்னால், வேலையைச் சாக்குச் சொல்லுவார். அதில் நியாயமும் உண்டு. சம்பா நடவு முடிந்து அறுப்புக்கு முன்னுள்ள இடைவெளி நல்லது. அறுப்பு முடிந்து பணம் கைக்கு வந்த பிறகு சொல்வது கடினம். நெசவாளருக்கு ஒரு பாவு அறுத்து, மறு பாவு பூட்டுமுன் கிடைக்கும் நாட்கள் உகந்தவை.

என்ன சொல்வது? 'குடிகாரன்' என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. 'எப்போதும்', 'ஒருநாளும்' என்று பொதுவாகக் குற்றம் சாட்டினால் அவர் ஒரு விதிவிலக்கைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மனைவி இவ்வாறு சொல்லலாம்: "போன வெள்ளிக்கிழமை மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நீங்கள் போகவில்லை. அது இருட்டும் வரை வாசலிலேயே நின்றிருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. உங்கள் உடம்பு கெட்டுப்போவதை என்னால் பார்க்க முடியவில்லை. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாமாவும் கூட வருகிறார். வாருங்கள்." மாமன் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கம்: "மாப்பிள்ளை, உன் தறி வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. நீ திரும்பி வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்." பேச்சு கால் மணி நேரத்தைத் தாண்டத் தேவையில்லை. அவர் மறுத்தால் சண்டையின்றி முடித்துவிட்டு, இன்னொரு நாள் பார்க்கலாம். முதல் முறையிலேயே இசைந்துவிடுவார் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களே விரைவில் மனம் உடைகிறார்கள். இசைந்துவிட்டாலோ, தாமதம் கூடாது. நாளைக்கு என்று தள்ளினால் அந்த மனம் மாறிவிடும்.

குடும்பத்தார் செய்யக்கூடாத மூன்று காரியங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இவற்றால் உயிர் போகிறது.

பல வருஷமாக நாள்தோறும் குடித்தவரைத் திடீரென்று நிறுத்தச் செய்வது முதலாவது. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். அந்தப் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது கொடுக்கும் மன உறுதி பெரிய துணை. ஆனால் உடம்பு வேறு கணக்கு வைத்திருக்கிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் வரும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும், பூச்சி ஊர்கிறது என்று உடம்பைத் தட்டுவார்கள், காய்ச்சல் ஏறும். வீட்டார் பேய் பிடித்தது என்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வைத்தியரிடம் சென்றால், தூக்கத்திற்கும் வலிப்பைத் தடுக்கவும் மருந்தும், தயமின் என்னும் வைட்டமின் பி1-உம் கொடுத்து இந்நாட்களைக் கடக்கச் செய்வார். கயிறு கட்டுவதாயின் வைத்தியரைப் பார்த்துவிட்டுக் கட்டலாம். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் செய்யப்படும் மருந்துகள் இரண்டாவது. டைசல்ஃபிரம் என்ற மருந்து இருப்பது உண்மை. 1948-இல் டென்மார்க் நாட்டார் இதன் குணத்தை வெளியிட்டனர். இதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். நோயாளிக்கு முழுதும் விளக்கி, அவர் சம்மதத்தோடு, வைத்தியர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. இரகசியமாகக் குழம்பில் கலந்துவிட்டால், அறியாமல் குடிக்கும் அவர் இறந்தும் போகலாம். பிழைத்தாலோ, மனைவி பரிமாறும் சோற்றை அவர் பிறகு நம்பிச் சாப்பிடுவாரா?

ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் அடைத்து வைக்கும் 'மறுவாழ்வு இல்லங்கள்' மூன்றாவது. அனுமதியின்றி நடத்தப்பட்ட சில இடங்களில் அடித்துத் துன்புறுத்தி நோயாளிகள் மாண்ட செய்திகள் நாளேடுகளில் வந்துள்ளன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனக்கோளாறுகளையும் உள்ளடக்கியது. அதன்படி, தாமே முடிவெடுக்க முடியாத அளவுக்கு நிலை முற்றிய ஒருவரை உறவினர் விண்ணப்பத்தின்பேரில் சேர்ப்பதற்கும் வரையறை உண்டு: இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல வைத்தியராக இருக்க வேண்டும், முதல் அனுமதி 30 நாட்களுக்கு மேல் செல்லாது. எந்த இல்லத்தில் சேர்ப்பதானாலும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, வைத்தியர் தினம் வருகிறாரா, வீட்டார் வந்து பார்க்க விடுவார்களா என்று கேட்டறிய வேண்டும். பார்க்க விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று அறியாதவர்கள் தொலைபேசியில் தொடங்கலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மன நலத்திற்கான டெலி மானஸ் எண் 14416, இது 2022 முதல் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, மனைவியோ மகனோ அழைக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வைத்தியர் எந்தக் கிழமையில் எங்கே பார்க்கிறார் என்பதை மன்னார்குடி அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்து அறியலாம். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் செலவின்றிச் சிகிச்சை பெறலாம்.

சங்கம் செய்யக்கூடியதும் சிறிது உண்டு. வந்து முறையிடும் பெண்மணியிடம் கேட்டதை நிர்வாகக் குழுவில் கதையாக்காமல் இருப்பது முதல் உதவி. கண்டிப்பதாக வாக்களிப்பதற்குப் பதில், மேற்கண்ட எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். சிகிச்சைக்குப் போகும் அங்கத்தினருக்கு, அவர் திரும்பியதும் பாவும் நூலும் நிச்சயம் கிடைக்கும் என்று தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், தாய்மாமனின் வார்த்தைக்கு வலு கூடும். கூலியை மனைவி கையில் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அங்கத்தினர் தாமே எழுதிக் கொடுத்தால் செய்யலாம். சங்கம் தன்னிச்சையாகச் செய்தால் அன்று மாலை அந்தப் பெண்மணிக்கு என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் மறுபடி ஒரு நாள் குடித்துவிடவும் கூடும். செலவெல்லாம் வீண் என்று அன்று தலையில் அடித்துக்கொள்ளாமல், அதே வைத்தியரிடம் மறுநாளே அழைத்துச் செல்ல வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போதே அடுத்த ஆறு மாதங்களுக்கு எந்தெந்தத் தேதியில் வர வேண்டும் என்று எழுதி வாங்கி, அதைத் தறி மேடைக்கு அருகில், பாஸ்புத்தகத்தோடு வைத்துக்கொள்வது நலம்.